விலாசமும் மறதியும்

புதிதாக வாங்கிய எக்ஸ்பீ ரேடியோ மாட்யூல்கள் இரண்டை உறையிலிருந்து எடுத்து, ஒன்றை மேஜைமீதுள்ள கணினியோடும் மற்றொன்றை அடுத்த அறையிலுள்ள கணினியோடும் பொருத்தி, இங்கே ஓர் எழுத்தைத் தட்டிய மாத்திரத்தில் அங்கே அதே எழுத்து திரையில் தோன்றுவதைக் கண்ட எவருக்கும், கம்பியில்லாத் தொடர்பு என்று பிரமாதமாகப் பேசப்படும் விஷயம் இவ்வளவுதானா என்ற ஆனந்தமும், அந்த ஆனந்தத்தின் நிழலாகக் கொஞ்சம் அலட்சியமும் ஒருங்கே பிறப்பது இயல்பு. எந்த விலாசத்தையும் அவர் எழுதவில்லை. எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. இந்தச் சௌகரியம் எப்படி வாய்த்தது என்று விசாரித்தால், அதன் ரகசியம் சற்று வேடிக்கையானது. 802.15.4 நியமத்தைப் பின்பற்றி டிஜி கம்பெனியார் வெளியிட்ட முதல் வரிசை எக்ஸ்பீ மாட்யூல்கள் அனைத்திலும், சொந்த விலாசமும் பூஜ்யம், செய்தி போய்ச் சேர வேண்டிய விலாசமும் பூஜ்யம், வலையின் எண் 3332, கம்பிவழிப் பேச்சின் வேகம் 9600 என்று தொழிற்சாலையிலேயே எழுதிவிடுகிறார்கள். அதாவது, எல்லாருக்கும் ஒரே பெயர். எல்லாரும் அந்தப் பெயருக்கே கடிதம் போடுகிறார்கள். இருவர் மட்டுமே உள்ள வீட்டில் ஒருவர் அழைத்தால் மற்றவர்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆகையால் பெயரே தேவைப்படவில்லை.

மூன்றாவது மாட்யூல் ஒன்றை இயக்கிய கணத்தில் இந்த இன்பம் கலையத் தொடங்குகிறது; ஆனால் கலைவது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. அனுப்பிய செய்தி இரண்டு இடங்களில் தோன்றும். பார்ப்பவர் அதை ஒரு லாபமாகக்கூடக் கருதுவார். உள்ளே நடப்பதோ வேறு. செய்தியைப் பெற்றுக்கொண்ட மாட்யூல் 192 மைக்ரோ விநாடி கழித்து ஓர் ஒப்புகை அனுப்ப வேண்டும் என்பது நியமம். அந்த ஒப்புகை மொத்தம் ஐந்தே பைட். அதில் செய்தியின் வரிசை எண் உண்டு, பிழை காண்பதற்கான கூட்டுத்தொகை உண்டு, ஆனால் ஒப்புக்கொண்டவர் யார் என்பதற்கு அடையாளம் ஏதும் கிடையாது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்தில்லாத ஒப்புகைச் சீட்டு திரும்பி வருவதைப் போன்றது இது. ஒரே பெயருள்ள இருவரில் ஒருவர் செய்தியை வாங்கிக்கொண்டு மற்றவர் தவறவிட்டாலும், அனுப்பியவர் தம் கடமை முடிந்ததென்றே எண்ணி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

கைப்புத்தகங்கள் விலாசத்தை ஓர் அத்தியாயத்திலும் ரீசெட்டை வேறோர் அத்தியாயத்திலும் வைத்துப் பேசுகின்றன. முன்னது யார் யாரோடு பேசுவது என்பதைப் பற்றியது என்றும், பின்னது மாட்யூல் திகைத்து நின்றால் தட்டி எழுப்புவது என்றும் நாமும் படித்துக்கொள்கிறோம். பல வருஷங்கள் இவற்றோடு மல்லுக்கட்டிய பிறகு, இந்தப் பிரிவினையே தவறு என்ற அபிப்பிராயத்துக்கு நான் வந்திருக்கிறேன். ஒரு மாட்யூல் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது விலாசம். எதை மறக்க வேண்டும் என்பது ரீசெட். இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்காதவர் இரண்டிலும் தவறுவார். இதற்கு முதல் சாட்சி நானேதான்.

அதைச் சொல்லுமுன், விலாசம் எழுதும் கிரியை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். ஒரு விநாடி மௌனம், மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு விநாடி மௌனம். உடனே மாட்யூல் ‘ஓகே’ என்று பதில் தந்து, தன் மூலமாகப் போகும் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தனக்கென்று சொல்லப்படும் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது. ஏடி என்ற இரண்டெழுத்தோடு கட்டளைகள் ஆரம்பிக்கின்றன. அட்டென்ஷன், அதாவது ‘கவனி’ என்பதன் சுருக்கம் அது. 1981-இல் ஹேய்ஸ் கம்பெனியார் டெலிபோன் கம்பிக்காகச் செய்த ஸ்மார்ட்மோடத்திலிருந்து வழிவழியாக வந்த சம்பிரதாயம் இது. மோடம் மறைந்தும் அதன் மந்திரம் மறையவில்லை. இதில் மெச்சத்தக்க குணம் ஒன்றுண்டு: விசேஷ மென்பொருள் எதுவுமின்றி, எழுத்தை அனுப்பவும் வாங்கவும் தெரிந்த எந்தக் கருவியாலும் மாட்யூலோடு உரையாடிவிடலாம். இதன் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கூட்டல் குறிகளுக்குப் பின் பழக்கதோஷத்தால் என்டர் விசையைத் தட்டிவிட்டால் மௌனம் கலைந்து கதவு திறக்காது. கதவு திறந்த பிறகு பத்து விநாடி யோசித்துக்கொண்டிருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். மூடியது தெரியாமல் நாம் தட்டும் கட்டளை, செய்தி என்ற வேஷத்தில் காற்றில் போய் மறுமுனைத் திரையில் விழும். போதாக்குறைக்கு எண்கள் எல்லாம் பதினாறை அடிமானமாகக் கொண்டவை; விலாசம் 10 என்று எழுதியவர் பதினாறாம் எண் வீட்டுக்காரராகிவிடுகிறார். மாணவர்கள் இதில் விழுவதைக் கண்டு நான் சிரித்ததுண்டு. நானும் விழுந்திருப்பதால் அந்தச் சிரிப்பு நீண்டதில்லை.

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் தோட்டத்தில், வீட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கிணற்று மோட்டார் தானே ஓடும்படி ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். தொட்டியில் இருந்த மாட்யூலுக்கு ஒன்று என்றும், கிணற்றடி மாட்யூலுக்கு இரண்டு என்றும் விலாசம் எழுதி, மாலை வெளிச்சம் மங்கும்வரை சோதித்துப் பார்த்து, திருப்தியோடு மோர் குடித்துவிட்டு ஊர் திரும்பினேன். அன்றிரவு கரண்ட் போனது; விடியற்காலையில் வந்தது; மோட்டார் வரவில்லை. டெலிபோனில் கூப்பிட்டவரிடம், பெட்டிக்குள் சிவப்புப் பட்டன் ஒன்றிருக்கும், அதுதான் ரீசெட், அதை அமுக்குங்கள் என்றேன். “அமுக்கிட்டனுங்க சார், லைட்டு மின்னி நின்னுருச்சுங்க, மோட்டாரு எடுக்கலீங்க” என்றார். இன்னொரு முறை அமுக்கச் சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன். அவர் பொறுமைசாலி.

நேரில் போய்ப் பார்த்தபோதுதான் என் பிழை விளங்கியது. கிணற்றடி மாட்யூலில் எம்ஒய் என்ற கட்டளையால் விலாசத்தை மாற்றிய நான், மாற்றியதை நிலையான நினைவில் பொறித்து வைக்கும் டபிள்யூஆர் என்ற கட்டளையைக் கொடுக்க மறந்திருந்தேன். மின்சாரம் இருந்தவரை அந்த மாட்யூல் தன்னை இரண்டு என்று நம்பிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் வந்ததும் தொழிற்சாலை வைத்த பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. தொட்டி இரண்டாம் எண்ணைக் கூவிக் கூவி அழைத்தது. கிணற்றடியில் அப்படி யாரும் இல்லை. இதில் ரீசெட் பட்டன் செய்த காரியம், ஒவ்வொரு முறையும் அந்தப் பூஜ்யத்தையே விசுவாசமாகத் திரும்ப எழுதியது ஒன்றுதான். பழுதை நீக்கும் மருந்து என்று நான் கொடுத்தது பழுதையே புதுப்பித்துக்கொண்டிருந்தது.

இப்படி நினைவை இரண்டு அடுக்காக வைத்ததே தவறு, எழுதியவுடன் நிலையாகிவிட வேண்டாமா என்று யாரும் கேட்கலாம். அன்று நானும் கோபத்தோடு கேட்டேன். நிதானமாக யோசித்தால் அந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. நிலையான நினைவகத்தின் செல்கள் இத்தனை தடவைதான் அழித்தெழுதத் தாங்கும் என்ற வரம்புக்கு உட்பட்டவை. தவிர, பரீட்சார்த்தமாக ஒரு விலாசத்தை வைத்துப் பார்த்துச் சரிவராவிட்டால், மின்சாரத்தை ஒரு தரம் துண்டித்துப் பழைய நிலைக்குப் போய்விடலாம் என்பது பெரிய பாதுகாப்பு. ஈபைட் கம்பெனியாரின் இ32 என்ற லோரா மாட்யூலில் இந்த வித்தியாசத்தைக் கட்டளையின் முதல் பைட்டிலேயே வைத்திருக்கிறார்கள்: சி0 என்று தொடங்கினால் எழுத்து நிலைக்கும், சி2 என்று தொடங்கினால் மின்சாரம் போகும்வரைதான். எந்த வகை நினைவில் எழுதுகிறோம் என்பதை எழுதும்போதே தீர்மானிக்கும் நிர்ப்பந்தம் இருப்பதால், என்னைப் போன்ற மறதிக்காரனுக்கு அந்த முறை அதிக உபகாரம். எக்ஸ்பீயின் முறையிலோ ‘எழுது’ என்பது கடைசியில் வரும் தனிக் கட்டளை. கடைசியில் வருவதுதான் முதலில் மறக்கும். இந்த அடுக்குமுறையின் விசித்திரம் உச்சத்துக்குப் போவது ஆர்இ என்ற கட்டளையில். தொழிற்சாலை நிலைக்குத் திரும்பு என்பது அதன் பொருள். ஆனால் அந்தத் திரும்புதலும் தற்காலிகந்தான். ஆர்இ கொடுத்து, டபிள்யூஆர் கொடுக்காமல் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்தால், எதை அழித்துவிட்டதாக நினைத்தோமோ அது எழுந்து உட்கார்ந்திருக்கும்.

விலாசத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் எக்ஸ்பீ மாட்யூலுக்கு உண்மையில் இரண்டு பெயர்கள். 64 பிட் நீளமுள்ள ஒன்று பிறவிப் பெயர். 0013ஏ200 என்ற குலப்பெயரோடு தொடங்கி, உலகில் வேறெந்த மாட்யூலுக்கும் இல்லாத எண்ணாக முடியும் அதை எந்த ரீசெட்டாலும் மாற்ற முடியாது. 16 பிட் நீளமுள்ள மற்றொன்று நாம் இடும் பெயர். பொறிஞர்களில் ஒரு சாரார், பிறவிப் பெயர் இருக்க இடுபெயர் எதற்கு, மறதிக்கே இடமில்லாத ஒன்றை விட்டுவிட்டு மறக்கக்கூடியதை ஏன் நாட வேண்டும் என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தாலுகா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறவர் தாசில்தார் அவர்களுக்கு என்று எழுதுவதா, இப்போது அந்த நாற்காலியில் இருப்பவரின் பெயரை எழுதுவதா? ஆள் மாறினாலும் பதவிக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரும். கிணற்றடி மாட்யூல் இடி மழையில் கருகிப்போனால், புதிய ஒன்றை வாங்கி அதற்கு இரண்டு என்று பெயரிட்டால் முடிந்தது; மற்றவர்களுக்கு மரணச் செய்தி அனுப்ப வேண்டியதில்லை. பிறவிப் பெயரை நம்பிய வலையிலோ, ஒருவர் மாறினால் அவரோடு பேசுகிற எல்லாருடைய விலாசப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். இது தவிர அற்பமான, ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் உறுத்தும் அசௌகரியம் ஒன்றுண்டு: பிறவிப் பெயர் மாட்யூலின் அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இருபது ஊசிக்கால்களைச் சாக்கெட்டில் அழுத்திப் பொருத்திவிட்டால், அந்தப் பெயர் சர்க்யூட் பலகையைப் பார்த்துக் குப்புறக் கிடக்கும். யார் இவர் என்று தெரிந்துகொள்ள அவரைப் பிடுங்கித் திருப்ப வேண்டும்; பிடுங்கும்போது ஒரு கால் வளையும்.

விலாசம் என்பது வெறும் சங்கேதம், எந்த எண்ணாக இருந்தாலென்ன என்ற நினைப்பைத் தகர்ப்பது நார்வே தேசத்து நார்டிக் கம்பெனியாரின் என்ஆர்எஃப்24எல்01+ என்ற சில்லு. சென்னை ரிச்சி தெருவில் சொற்ப விலைக்குக் கிடைப்பதும், பொறியியல் கல்லூரி மாணவர் பெரும்பாலோர் முதன்முதலில் கையில் எடுப்பதும் இதுதான். மூன்று முதல் ஐந்து பைட் நீளமுள்ள இதன் விலாசம் உறைக்குள் இருக்கும் எழுத்தன்று. ஓயாது இரைந்துகொண்டிருக்கும் ஆகாயத்தில் செய்தி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே இந்த விலாசத்தின் வடிவத்தைக் கொண்டுதான். ஆகவே வடிவம் முக்கியம். ஒரே ஓரிடத்தில் மட்டும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குத் தாவும் விலாசம் இரைச்சலிலேயே தற்செயலாகத் தோன்றிவிடும்; யாரும் அழைக்காதபோதே சில்லு திரும்பிப் பார்க்கும். ஒன்றும் பூஜ்யமும் மாறிமாறி வரும் விலாசமோ, செய்திக்கு முன்னே வரும் கட்டியத்தின் தொடர்ச்சிபோல ஒலித்து, எங்கே கட்டியம் முடிந்தது எங்கே பெயர் தொடங்கியது என்ற குழப்பத்தை விளைவிக்கும். இரண்டையும் தவிர்க்கும்படி தயாரிப்பாளரின் குறிப்பேடு எச்சரிக்கிறது. எழுதப் பழகுகிறவர்கள் இயல்பாகத் தேர்ந்தெடுப்பதோ பூஜ்யங்களின் வாலில் ஓர் ஒன்றைத்தான்.

இதில் ஆறு வாய்க்கால்கள் வைத்து, ஒரே சில்லு ஆறு பேரிடம் கேட்கும்படி செய்திருப்பது பாராட்டுக்குரிய யுக்தி. ஆயின் இரண்டாம் வாய்க்கால் முதல் ஆறாம் வாய்க்கால்வரை ஒரு பைட் நீங்கலாக மற்ற பைட்டுகள் எல்லாம் பொது. ஒரு தெருவில் கதவு எண் மட்டும் மாறுவதுபோல. இதையறியாமல் ஐந்து பேருக்கு ஐந்து விதமான நீண்ட பெயர்களைச் சூட்டியவர், முதல் இருவர் பேசுவதையும் மற்றவர் ஊமையாக இருப்பதையும் கண்டு, ஊமைகளைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போவார். முதல் வாய்க்காலுக்கு வேறொரு தனிக் கடமையும் உண்டு: ஒப்புகை திரும்பி வருவது அதன் வழியேதான், அனுப்பும் விலாசமும் அந்த வாய்க்காலின் விலாசமும் ஒன்றாயிராவிட்டால், செய்தி போய்ச் சேர்ந்தும் போகவில்லை என்றே அனுப்பியவர் சாதிப்பார்.

கல்லூரிக் கண்காட்சி ஒன்றில் நடுவராகப் போயிருந்தேன். இந்தச் சில்லைக் கொண்டு செய்த, கைக்கருவியை அசைத்தால் ஓடும் வண்டிகள் மூன்று மேஜைகளில் இருந்தன. முதல் மேஜை மாணவி தன் கருவியை வலப்புறம் சாய்த்தாள். மூன்றாம் மேஜை வண்டி வலப்புறம் திரும்பி மேஜையிலிருந்து குதித்தது. மூவரும் ஒரே மாதிரி நிரலைப் பார்த்து எழுதியிருந்தார்கள். அதில் இருந்த மாதிரி விலாசத்தை மூவரும் அப்படியே விட்டிருந்தார்கள். நிரல் நூலகம் தானாக வைக்கும் 76-ஆம் அலைவரிசையையும் மூவரும் மாற்றவில்லை. உதாரணத்துக்கு எழுதப்பட்ட பெயரே ஊரெங்கும் உண்மைப் பெயராகிவிடும் இந்த விபரீதத்துக்கு மாணவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? விலாசத்தை வெற்றிடமாக விட்டு, நீயே நிரப்பு, நிரப்பாவிட்டால் ஓடமாட்டேன் என்று சொல்லும் மாதிரி நிரல் ஒன்றைக்கூட நான் இன்னும் கண்டதில்லை. முதல் வாரத்து உற்சாகத்தை எழுப்பும் அதே இயல்புநிலைதான் கண்காட்சியன்று வண்டியைக் கீழே தள்ளியது.

விலாசத்தைப் பூட்டாக நினைப்பவர்களும் உண்டு. ஐந்து பைட்டை யார் யூகிக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2011-இல் டிராவிஸ் குட்ஸ்பீட் என்ற ஆராய்ச்சியாளர், விலாசத்தின் நீளத்தைக் குறிக்கும் ரெஜிஸ்டரில் தடுக்கப்பட்ட மதிப்பை எழுதி அதை இரண்டு பைட்டாகக் குறுக்கி, கட்டியத்தையே விலாசம் என்று சில்லை நம்பவைத்து, காற்றில் போகும் அந்நியர் செய்திகளை அதே மலிவான சில்லால் ஒட்டுக்கேட்டுக் காட்டினார். 2016-இல் கம்பியில்லா மவுஸ், விசைப்பலகைகளின் பலவீனத்தை மவுஸ்ஜாக் என்ற பெயரால் வெளிப்படுத்தியவர்களுக்கும் அந்த வித்தையே அடிப்படையாயிற்று. கதவு எண் பூட்டாகாது. இதற்குமேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ரீசெட் விஷயத்துக்கு வருவோம். இந்த ஒரு வார்த்தைக்குள் நாலைந்து வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருப்பதுதான் இதன் முதல் தோஷம். எக்ஸ்பீயின் ஐந்தாம் ஊசிக்காலை 200 நானோ விநாடி தரையோடு தொடவைத்தால் அது ஒரு ரீசெட்: பொறித்தது நிற்கும், பொறிக்காதது போகும். எஃப்ஆர் என்ற கட்டளை அதையே சொல்லால் செய்வது. ஆர்இ கொடுத்தால் நாம் எழுதிய விலாசங்கள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போகும். ஜிக்பீ வகை மாட்யூல்களில் என்ஆர் என்று மற்றொன்று. அதன் பின்னே பூஜ்யம் போட்டால் அந்த ஒரு மாட்யூல் மட்டும் வலையை விட்டு விலகி மறுபடி சேரும். ஒன்று என்று போட்டால் வலையிலுள்ள அத்தனை பேருக்கும் அந்த ஆணை போய்ச் சேரும். ஓர் எழுத்துப் பிசகில் ஒருவரை எழுப்பப் போய் ஊரையே கலைத்துவிடக் கூடிய அதிகாரத்தை, எந்த மறுகேள்வியுமின்றி அளித்திருப்பது வியப்புக்குரியது. அதே வகையில் ஒரு பட்டனை ஒரு தரம் அமுக்கினால் மாட்யூல் தன் பெயரை அறிவிக்கிறது, இரண்டு தரம் அமுக்கினால் புதியவர்கள் சேர ஒரு நிமிஷம் வாசலைத் திறக்கிறது, நான்கு தரம் அமுக்கினால் தன் அமைப்பையெல்லாம் துடைத்துப் போடுகிறது. என் விவசாயி நண்பரின் கையில் அந்தப் பட்டன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மோட்டார் வராத எரிச்சலில் எந்த மனிதன் ஒரு பட்டனை ஒரே ஒரு தரம் அமுக்குவான்?

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது நார்டிக் சில்லு. அதற்கு ரீசெட் கால் என்பதே கிடையாது; மின்சாரம் நின்று வருவது ஒன்றுதான் அதற்கு மறுபிறப்பு, அதன்பின் கண் விழிக்க அது 100 மில்லி விநாடி கேட்கும். செலவைச் சுருக்கிய சிக்கனம் என்று இதைப் புகழலாம். ஆனால் இதன் விளைவு நூதனமானது. அதோடு சேர்ந்திருக்கும் ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் பட்டனை அமுக்கினால் ஆர்டுயினோ மட்டும் மறக்கிறது, சில்லு மறப்பதில்லை. நேற்று ஓடிய நிரல் எழுதிய விலாசமும் நீள அமைப்பும் ரெஜிஸ்டர்களில் அப்படியே இருக்க, இன்றைய நிரல் தனக்கு வேண்டிய இரண்டை மட்டும் மாற்றி எழுதி, மீதி எல்லாம் குறிப்பேட்டில் உள்ள ஆதி நிலையில் இருக்கும் என்று நம்பி ஓடத் தொடங்கும். ஒருவர் மறுபிறவி எடுத்துவிட்டார். கூட இருப்பவர் முற்பிறவியிலேயே வாழ்கிறார். வாட்ச்டாக் என்ற காவல்நாயை வைத்து, நிரல் உறைந்தால் தானே ரீசெட் ஆகும்படி செய்து நிம்மதியாக உறங்குகிறவர்கள், அந்த நாய் வீட்டில் ஓர் அறையை மட்டுமே காக்கிறது என்பதை அறிவதில்லை. சில்லுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டரால் துண்டித்துக் கொடுப்பது பரிகாரம். அப்போதும் தகவல் கம்பிகளைத் தாழ்நிலைக்குக் கொண்டுவராவிட்டால், அவற்றின் வழியே கசியும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு அது அரைத்தூக்கத்தில் கிடக்கும்.

செம்டெக் கம்பெனியாரின் சில்லுகளைச் சுமக்கும் இரண்டு மாட்யூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது இந்த விஷயத்தில் நல்ல பாடம். ஆர்எஃப்எம்69, ஆர்எஃப்எம்95, உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள், ஒரே அளவுப் பலகையில் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கலாம், இரண்டிலும் ரீசெட் என்றே எழுதிய கால் உண்டு. 95-இன் ரீசெட் காலை நூறு மைக்ரோ விநாடி தாழ்த்திப் பின் விட்டு, ஐந்து மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். 69-இல் அதே காலை நூறு மைக்ரோ விநாடி உயர்த்தி விட வேண்டும். 95-க்கு எழுதிய நிரலை 69-க்கு வைத்தால், கடைசியாகக் காலை உயர்த்தி வைத்துவிட்டு நிரல் நகர்ந்துவிடும். உயர்ந்த காலோ 69-இன் பாஷையில் ‘ரீசெட்டிலேயே இரு’ என்று பொருள்படும். மாட்யூல் சூடாகாது, புகையாது, எதுவும் சொல்லாது. கேட்டதற்கெல்லாம் பதிலற்று உட்கார்ந்திருக்கும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இப்படி இழந்தேன். ஆன்டெனாவைச் சந்தேகித்தேன், சால்டரைச் சந்தேகித்தேன், விலாசத்தைப் பத்து முறை மாற்றி எழுதினேன். கடைசியில் மல்டிமீட்டரின் முள்முனையை அந்தக் காலில் வைத்தபோது 3.3 வோல்ட் காட்டியது. பத்து விலாசங்களையும் கேட்க அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

இவ்வளவு குறைகளையும் அடுக்கியபின், என் கையில் உள்ள மாற்று என்ன என்று கேட்பது நியாயம். மாட்யூலின் நினைவை நம்பாமலிருப்பதுதான் அது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும், அருகிலிருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் முதலில் மாட்யூலை வன்மையாக ரீசெட் செய்து, பின் விலாசம் முதற்கொண்டு அனைத்தையும் தானே புதிதாக எழுதி, எழுதியதை மறுபடி வாசித்துச் சரிபார்த்து, சரியாக இருந்தால் மட்டும் ரேடியோவைத் திறக்க வேண்டும். விலாசம் எங்கிருந்து வரும் என்றால், பலகையில் வரிசையாக நிற்கும் நான்கு சிறு டிப் ஸ்விட்சுகளிலிருந்து. மின்சாரம் இல்லாதபோதும் கண்ணால் படிக்கக்கூடிய பெயர் அது. எந்த ரீசெட்டும் அதை அழிக்காது. மாட்யூல் எரிந்தாலும் பெயர் பலகையில் நிற்கும். இதில் எனக்குச் சிறு ஆறுதலும் உண்டு: ஒவ்வொரு விழிப்பிலும் எழுதுவதால் டபிள்யூஆர் கட்டளையே தேவையில்லை, நினைவகமும் தேயாது. அன்று பிழையாக இருந்த அதே விடுபாடு இன்று முறையாகிவிட்டது. கட்டளைகளைப் பொதிகளாகக் கட்டி அனுப்பும் ஏபிஐ என்ற முறையில் இயக்கினால் மூன்று கூட்டல் குறிகளும் மௌன விநாடிகளும் வேண்டாம். மாட்யூல் இடையில் தானாக ரீசெட் ஆனாலும், மின்சாரத்தால் விழித்தேனா, காவல்நாய் எழுப்பியதா என்பதை ஓர் எண்ணால் அறிவித்துவிடுகிறது. இப்படி ஓர் அறிவிப்பை ஏற்படுத்தியவர் அனுபவசாலியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மைக்ரோகன்ட்ரோலரே இல்லாமல், ஒரு வெப்பமானியைத் தன் காலில் நேரே கட்டிக்கொண்டு பாட்டரியில் வாழும் எக்ஸ்பீக்கு எழுதிக் கொடுக்க யாருமில்லை. அதன் நினைவைத்தான் நம்ப வேண்டும். தொலைவிலிருந்தே கட்டளை அனுப்பி அதன் விலாசத்தை மாற்றும் வசதி இருக்கிறது. அதுவும் ஏறியிருக்கும் கிளையையே வெட்டும் காரியமாக முடியலாம். வலை எண்ணில் ஓர் இலக்கம் தவறினால், அந்த மாட்யூல் அக்கணமே நமக்குச் செவிடாகிவிடும். தவறைத் திருத்தும் கட்டளையும் அதன் காதுக்கு எட்டாது. ஏணியோடு போக வேண்டியதுதான். மாற்றங்களை உடனே அமலாக்காமல் வரிசையில் நிறுத்தி வைத்து, எல்லாவற்றையும் கடைசியில் ஏசி என்ற ஒரே கட்டளையால் அமலாக்கும் ஏற்பாடு இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தணிக்கிறது. அதைப் பயன்படுத்துவோரை நான் அதிகம் பார்த்ததில்லை. தொலைவிலிருப்பவரை முதலில் மாற்றி, அருகிலிருப்பவரைக் கடைசியில் மாற்றுவது என்ற சாதாரண ஒழுங்கையும் அவசரத்தில் தலைகீழாகச் செய்துவிட்டு, மொட்டை மாடிக்கு ஏறுகிறவர்களே அதிகம்.

கோபிசெட்டிபாளையத்துத் தோட்டத்துப் பெட்டியை அப்படித்தான் திருத்திக் கட்டினேன். மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டி, ஸ்விட்சுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று படம் வரைந்து, மாட்யூலின் பிறவிப் பெயரையும் அதன் கீழே இடுபெயரையும் எழுதி வைத்தேன். சிவப்புப் பட்டனையும் எடுத்துவிடலாம் என்று நினைத்து, ஏதோ தைரியக் குறைவால் விட்டுவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். காகிதத்தின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. பெயர்கள் இரண்டும் மங்கலாகத் தெரிந்தன. அவற்றின் கீழே, என் கையெழுத்தல்லாத ஒரு கையெழுத்தில், மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: கரண்டு வந்தா ஒரு நிமிசம் பொறுக்கவும். பட்டனைத் தொட வேண்டாம்.